வாரக் கூட்டமும் விருந்தினர் உரையும்: வாசகர் கேள்வி – பதில்

சேவைக் கழகங்களின் வாரக் கூட்டம் பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். றோட்டரி, லயன்ஸ், அவற்றின் இளையோர் கழகங்களான றோட்டரக்ட், லியோ என்று பெயர்கள் வேறு. குறை ஒன்றுதான்: வருந்தி அழைத்த பேச்சாளருக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

கேள்வி: கூட்டம் 5.30க்கு என்று அழைப்பில் போடுவோம். தொடங்க 6 ஆகும். விருந்தினர் பேச எழும்பும்போது 7 தாண்டிவிடும். பாதிப்பேர் பஸ்சுக்குப் போயிருப்பார்கள். நிகழ்ச்சிநிரலை எப்படி அமைக்கலாம்? (புதிய செயலாளர், மல்லாவி)

இப்போதுள்ள நிரலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே, உண்மையில் பிடிக்கிற நிமிடத்தை எழுதிப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல் என்று ஒரு வரிதான் இருக்கும். ஆனால் மின்விசிறியை நிறுத்தி, தீப்பெட்டி தேடி, எரியாத திரியை மறுபடி எண்ணெயில் தோய்த்து, ஆறு பேரை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு முடிக்க எட்டு நிமிடம் போய்விடும். பிறகு மாலை, வரவேற்புரை, தலைமையுரை, சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு, அதற்கு முன்மொழிவு, வழிமொழிவு. பேச்சாளர் வாய் திறக்க முன்னரே 40 நிமிடம் கரைந்துவிடும்.

விளக்கும் மாலையும் வரவேற்புரையும் பதவியேற்பு விழாவுக்கு உரியவை. வாரக் கூட்டத்துக்கு மணியடித்தால் போதும்.

70 நிமிடத்துக்குள் அடங்கும் ஒழுங்கு இது. 5.30க்கு மணி. ஐந்து நிமிடத்தில் தேசிய கீதமும் ஒரு நிமிட மௌனமும், றோட்டரிக் கழகமென்றால் நால்வழிச் சோதனையும் (உண்மையா, நியாயமா என்று தொடங்கும் றோட்டரியின் நான்கு கேள்விகள்). 5.35 முதல் 5.45 வரை அறிவித்தல்கள்: தலைவருக்கு 4 நிமிடம், செயலாளருக்கு 4, பொருளாளருக்கு 2. 5.45க்குத் தேநீர். 5.55க்கு அறிமுகம். 5.57 முதல் 6.17 வரை உரை. 6.32 வரை கேள்விகள். மூன்று நிமிடம் நன்றியுரையும் பொன்னாடையும், ஐந்து நிமிடம் உறுப்பினருக்குப் பகிடியாக விதிக்கும் தண்டப்பணமும் அடுத்த வார அறிவிப்பும். 6.40க்கு முடிவு மணி.

அறிவித்தல்களை முன்னுக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. ஐந்து பேர் இருந்தாலும் 5.30க்குத் தொடங்குங்கள். பிந்தி வருகிறவர் இழப்பது அறிவித்தலைத்தான், உரையை அல்ல. தேநீரை உரைக்கு முன் வைப்பதும் அப்படித்தான். பேச்சு நடக்கும்போது தட்டு சுற்றத் தொடங்கினால் கோப்பைச் சத்தமும் "சீனி போட்டதோ, போடாததோ" என்ற விசாரிப்புமாக ஐந்து நிமிடம் எவர் காதிலும் ஒன்றும் ஏறாது. வடை கொண்டு வரும் பிள்ளை புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே வேறு நிற்கும்.

கூட்ட அறிக்கையை வாசிக்கவே வேண்டாம். இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பிலோ வைபரிலோ அனுப்பிவிட்டு, "திருத்தம் உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த கண் பரிசோதனை முகாமை எந்தப் பாடசாலையில் வைப்பது போன்ற விவாதங்கள் பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்குப் போகவேண்டும். ஒரு விடயத்தில் இரண்டு பேர் முரண்பட்டால் உடனே "இதைப் பணிப்பாளர் சபையில் பேசுவோம்" என்று தலைவர் நிறுத்தவேண்டும். தலைவருக்கு அந்தத் துணிவு இல்லாவிட்டால் எந்த நிகழ்ச்சிநிரலும் நிற்காது.

வீதி நிலைமையையும் பாருங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டிய பிறகு யானைக்குப் பயந்து மோட்டார் சைக்கிளில் போகத் தயங்குவார்கள். அப்படியான இடங்களில் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குக் கூடுவதே நல்லது.

கேள்வி: அரச உத்தியோகத்தரைப் பேச அழைத்தால் "மேலிடத்தில் கேட்கவேண்டும்" என்கிறார்கள். சிலர் வந்து பொதுவாக எதையோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். எப்படி அழைப்பது? (நிகழ்ச்சிப் பொறுப்பாளர், புதுக்குடியிருப்பு)

இரண்டு குறையும் அழைப்புக் கடிதத்தில்தான் பிறக்கின்றன. கடிதத்தைத் திணைக்களத் தலைவருக்கு முகவரியிட்டு, பேச வேண்டியவருக்குப் பிரதி அனுப்புங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு. கிராம அலுவலர், காணி உத்தியோகத்தர் என்றால் பிரதேச செயலாளருக்கு. வைத்தியசாலை மருத்துவர் என்றால் அதன் பணிப்பாளருக்கு. மூன்று வாரம் முன்பு கடிதம் போய்ச் சேரவேண்டும். தொலைபேசியில் மட்டும் கேட்டால் அவர் மனம் வைத்தாலும் கையில் அனுமதி இருக்காது.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: திகதி, இடம், கூட்டம் தொடங்கும் நேரம், அதைவிட முக்கியமாக அவர் பேசத் தொடங்கும் நேரம். உரை 20 நிமிடம், கேள்விக்கு 15 நிமிடம். எத்தனை பேர் இருப்பார்கள், என்ன தொழில் செய்கிறவர்கள். புரொஜெக்டர் உண்டா இல்லையா. போக்குவரத்தை யார் பார்ப்பது. தொடர்புக்கு ஒரே ஓர் ஆளின் இலக்கம்.

தலைப்பைத்தான் பெரும்பாலானவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். "விவசாயம் பற்றி உரையாற்றுக" என்று எழுதினால் திணைக்களத்தின் வரலாற்றிலிருந்துதான் தொடங்குவார். விவசாயப் போதனாசிரியருக்கு இப்படி எழுதுங்கள்: "சேனா படைப்புழு சோளத்தில் விழுந்ததை முதல் வாரத்திலேயே எந்த அடையாளத்தால் கண்டுபிடிப்பது? மருந்து அடிக்கிற நேரம் ஏன் காலையும் மாலையுமாக இருக்கவேண்டும்? எந்தக் கட்டத்துக்குப் பிறகு அடித்துப் பயனில்லை?" 2018இல் இந்தப் புழு இலங்கைக்குள் வந்ததிலிருந்து சோளம் செய்கிற எல்லோருக்கும் இருக்கிற கேள்விகள் இவை. இப்படி மூன்று கேள்வி எழுதி அனுப்பினால் அவருக்குத் தயாரிப்பு பாதி முடிந்த மாதிரி.

ஒரு வாரம் முன்பு ஒருமுறை, அன்று காலை ஒருமுறை பேசி உறுதிப்படுத்துங்கள்.

அரச அலுவலகங்களை மட்டும் நம்பியிருக்கவும் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனியாக இயங்குகிறது. இளம் விரிவுரையாளர்கள் கேட்டால் வருவார்கள். கேட்கிற கழகங்கள்தான் குறைவு.

கேள்வி: விருந்தினரை அறிமுகம் செய்பவர் இரண்டு பக்கம் வாசிக்கிறார். எவ்வளவு போதும்? (உறுப்பினர், பரந்தன்)

ஒரு நிமிடம். நான்கு வசனம். ஆள் யார், இந்த விடயத்தைப் பேச அவருக்கு என்ன தகுதி, இங்கே இருக்கிறவர்களுக்கு இது ஏன் இப்போது தேவை, வாருங்கள். மாதிரி இது:

"இன்று எங்களோடு இருப்பவர் எங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் திரு. இன்னார். எலிக்காய்ச்சல் தடுப்பு வேலையை வயல் வயலாகப் போய்ப் பார்க்கிறவர். அடுத்த மாதம் சேற்றில் கால் வைக்கப்போகிற எங்களில் யார் மருந்து எடுக்கவேண்டும், யார் எடுக்கக்கூடாது என்று சொல்லப்போகிறார். ஐயா, வாருங்கள்."

எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எத்தனை பிள்ளைகள், எத்தனை விருது என்பதெல்லாம் வேண்டாம். பெயரையும் பதவியையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். பதில் கடமையாற்றுபவரை நிரந்தரப் பதவிப் பெயரால் அழைத்தால் அவர்தான் நெளிவார். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். நன்றியுரையும் ஒரு நிமிடம்தான்: அவர் சொன்னவற்றில் ஒன்றைக் குறிப்பாக எடுத்துச் சொல்லி, "அதற்கு நன்றி" என்று முடியுங்கள். உரையின் சுருக்கத்தைத் திரும்ப ஒப்புவிப்பது நன்றியுரை ஆகாது.

கேள்வி: விருந்தினர் பென் டிரைவில் கொண்டு வந்த ஸ்லைட் எங்கள் மடிக்கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது. ஏன்? (றோட்டரக்ட் உறுப்பினர், கிளிநொச்சி)

அவர் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார். பாமினியில் தட்டியது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். எங்கள் அலுவலகங்களில் இன்னும் நிறையப் பேர் பாமினியில்தான் தட்டுகிறார்கள் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

கழக மடிக்கணினியில் பாமினியை இப்போதே நிறுவி வையுங்கள். விருந்தினரிடம் ஒரு நாள் முன்பே கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து வரும். படம் அசைவது நின்றுபோகும், ஆனால் எழுத்து நிற்கும். 20 நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு ஸ்லைட் போதும். எழுத்து 28க்குக் கீழே போனால் பின் வரிசை கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடும்.

புரொஜெக்டர் வயரையும் பாருங்கள். பழைய புரொஜெக்டருக்கு வி.ஜி.ஏ., புதிய மடிக்கணினிக்கு எச்.டி.எம்.ஐ. இடையில் போடும் அடப்டர் இல்லாமல் கூட்டம் தொடங்கிய பிறகு கடை கடையாய் ஓடுவதில் பயனில்லை. மல்டி பிளக்கோடு சேர்த்து ஒரே பையில் போட்டு, அந்தப் பைக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

கேள்வி: எங்கள் மண்டபம் தகரக் கூரை. ஒலிபெருக்கி கூவுகிறது, மழை வந்தால் ஒன்றும் கேட்காது, மின்சாரமும் போகும். (பொருளாளர், அக்கராயன்)

கூவலுக்குக் காரணம், பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி ஒலிவாங்கிக்குள் போவது. பெட்டிகளைப் பேச்சாளருக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். அவரைவிட முன்னால், சபையைப் பார்த்தபடி வையுங்கள். ஒலிவாங்கியை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடிக்கவேண்டும். தலைப் பகுதியின் வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் கூவல் கூடும். விருந்தினர் வாயைத் தூர வைத்துப் பேசுகிறார் என்று சத்தத்தைத் திருகிக் கூட்டுவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. கூட்டுவதை விட்டு, எழுந்து போய் ஒலிவாங்கியை அவருக்குக் கிட்டப் பிடித்துக் கொடுங்கள். வயரில்லாத ஒலிவாங்கியென்றால் கூட்டத்துக்குக் கூட்டம் புது பற்றரி. முப்பது பேருக்கு உட்பட்ட கூட்டமென்றால் கதிரைகளை அரைவட்டமாக இரண்டு வரிசை போட்டுவிட்டு ஒலிபெருக்கி இல்லாமலே பேசவிடலாம்.

கார்த்திகை, மார்கழி மழை தகரத்தில் விழத் தொடங்கினால் எந்த ஒலிபெருக்கியும் உதவாது. கத்திப் பேசச் சொல்லி விருந்தினரை வருத்தாதீர்கள். பத்து நிமிடம் நிறுத்தி, கேள்விகளைத் துண்டில் எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு மாதமும் கூரைக்குக் கீழே சீலிங் அடித்த வகுப்பறை ஒன்றை ஒழுங்கு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

மின்சாரத்துக்கு: விளக்கு வகைப் புரொஜெக்டர் திடீரென நின்றால் உள்ளே சூடு தங்கி விளக்கின் ஆயுள் குறையும், சூடு ஆறும்வரை மறுபடி எரியவும் மாட்டாது. சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால் ஒழுங்காக அணைக்க அவகாசம் கிடைக்கும். ஜெனரேட்டரை மண்டபத்துக்கு வெளியே, காற்று உள்ளே அடிக்காத பக்கம் வையுங்கள். மழைக்காக வாசலுக்குள் இழுத்து வைப்பது ஆபத்து. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

கேள்வி: காணி உத்தியோகத்தரை அழைத்தோம். உரை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் கோப்போடு அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். மற்ற நாட்களிலோ ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. (தலைவர், விசுவமடு)

காணி என்றால் வன்னியில் அப்படித்தான் நடக்கும். அனுமதிப்பத்திரம் தொலைந்தவர், இடம்பெயர்ந்து திரும்பியபோது எல்லைக் கல்லைக் காணாதவர் எல்லோரும் வருவார்கள். ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள்: பொதுக் கேள்விக்கு மட்டும் சபையில் பதில், தனி விடயத்தைப் பெயர், கிராம அலுவலர் பிரிவு, அனுமதிப்பத்திர இலக்கம், ஒரு வரிக் கேள்வி என்று துண்டில் எழுதித் தரவேண்டும். செயலாளர் துண்டுகளைச் சேர்த்து உத்தியோகத்தரிடம் கொடுத்து, அலுவலகத்தில் சந்திக்கும் நாளைக் கேட்டுச் சொல்லட்டும். தலைப்பையும் குறுக்குங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெற்ற அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பிறகு காணி சேரவேண்டியவரை, எப்படிப் பதிவது என்ற ஒன்றே 20 நிமிடத்துக்குப் போதுமான விடயம்.

கேள்வியே வராத நாட்களுக்கு: முன்கூட்டியே இரண்டு பேரிடம் ஒவ்வொரு கேள்வியை ஒப்படையுங்கள். முதல் கேள்வி விழுந்தால் மற்றவை வரும். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முதல் கேள்வியைப் பெண் கேட்ட கூட்டங்களில் பின் வரிசைப் பெண்களும் கை உயர்த்துவார்கள். கேள்விக்குப் பதிலாகப் பிரசங்கம் செய்பவருக்கு ஒரு நிமிடம் கொடுத்து, "உங்கள் கேள்வி என்ன, அண்ணை?" என்று தலைவர் கேட்கவேண்டும். சிரித்த முகத்தோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

கேள்வி: மிதிவெடி அகற்றும் நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் பேச வருகிறார். பாடசாலைப் பிள்ளைகளும் வருவார்கள். என்ன கவனிக்கவேண்டும்? (லியோ கழகம், முள்ளியவளை)

அவர் கொண்டு வரும் மாதிரிகள் வெடிமருந்தில்லாதவை என்பதை முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "தோட்டத்தில் ஒன்று கிடந்தது, காட்டலாமா?" என்று எவரும் எதையும் கொண்டு வரக்கூடாது என்று அழைப்பிலேயே எழுதுங்கள். இது மிகைப்பட்ட எச்சரிக்கை அல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது: தொடாதே, கல்லெறியாதே, வந்த வழியே திரும்பி வா, பெரியவருக்குச் சொல், பெரியவர் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்கவேண்டும். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைப் பிடுங்கி வேலிக்குப் பாவிப்பது பற்றியும் அவரைப் பேசச் சொல்லுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. பெரியவர்களின் கூட்டமென்றால் அதன் கீழ் எஞ்சியுள்ள நிலம் பற்றிக் கேட்கலாம்.

கேள்வி: வாரா வாரம் தலைப்புக்கு எங்கே போவது? (செயலாளர், துணுக்காய்)

எங்கள் ஊரின் பருவமே தலைப்புத் தரும். கழக ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் அன்றே ஆறு மாதத்துக்கு அட்டவணை போடுங்கள். ஆவணி வறட்சியில் கிணற்று நீரும் சிறுநீரக நோயும். புரட்டாதியில், காலபோகத்துக்கு முன், எலிக்காய்ச்சல்: சேற்றில் வேலை செய்யும் காலத்தில் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் யாருக்கு, கர்ப்பிணிகளுக்கு ஏன் கூடாது, எங்கே பெறுவது. ஐப்பசியில் பாம்புக்கடி: இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்கு, 1990 அம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது. மழையோடு டெங்கு. தை, மாசி அறுவடையில் வரவு குறையும். அப்போது கனமான பேச்சு வேண்டாம், நெல் ஈரப்பதம், களஞ்சியம் என்று கையோடு பயன்படுவதை எடுங்கள். நடுவில் உறுப்பினர்களின் தொழில் உரைகளைப் போடுங்கள். மெக்கானிக் ஒருவர் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் எண்ணெய் மாற்றுவது பற்றிப் பேசினால் சபை அசையாது.

கேள்வி: வாரந்தோறும் கட்டாயம் கூடவேண்டுமா? (உறுப்பினர், செட்டிகுளம்)

றோட்டரியில் 2016 முதல் தளர்வு உண்டு: மாதம் குறைந்தது இரண்டு கூட்டம் நடந்தால் போதும், உங்கள் துணைவிதியில் அதை எழுதிக்கொள்ளவேண்டும். ஆள் வராத நான்கு கூட்டத்தைவிட நிறைந்த இரண்டு கூட்டம் மேல்.

கேள்வி: கூட்ட ஒழுங்கைப் பார்க்கும் சார்ஜன்ட் விதிக்கிற தண்டப்பணத்தால் புதியவர்கள் வெட்கப்படுகிறார்கள். (உறுப்பினர், ஓமந்தை)

தண்டம் பகிடிக்கு. பழைய உறுப்பினருக்கும் பதவியில் இருப்பவருக்கும் மட்டும் விதியுங்கள். முதல் மூன்று மாதம் புதியவரைத் தொடவேண்டாம். விருந்தினரை ஒருபோதும் இல்லை.

கேள்வி: பேச்சாளருக்கு என்ன கொடுப்பது? பணம் கொடுக்கலாமா? (பொருளாளர், மாங்குளம்)

கழகக் கூட்டத்தில் பேசுவதற்குக் கூலி கொடுப்பது வழக்கமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வருகிறவருக்குப் பயணச் செலவைக் கேட்டுக் கொடுக்கவேண்டும்; சபைக்கு முன்னால் கடித உறையில் அல்ல, தேநீர் நேரத்தில் தனியாக. பொன்னாடை ஒன்று போதும். நினைவுச் சின்னம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொருளைக் கொடுக்காதீர்கள். உத்தியோகத்தர்களின் வீட்டில் அதற்கு இனி இடமில்லை. பனையோலைப் பெட்டியில் ஒடியல் மாவோ பனங்கட்டியோ, இல்லாவிட்டால் ஒரு நல்ல புத்தகமோ கொடுங்கள்.

கேள்வி: விருந்தினர் கடைசி நேரத்தில் வராவிட்டால்? (செயலாளர், பூநகரி)

இரண்டு உறுப்பினர் பத்து நிமிடத் தொழில் உரை ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருக்கட்டும். அவர்களின் பெயர் செயலாளரிடம் இருக்கவேண்டும். 5.45 தேநீருக்குள் விருந்தினர் வந்து சேராவிட்டால் அவர்களில் ஒருவரை எழுப்புங்கள். "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லிச் சபையைக் காக்கவைக்காதீர்கள். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம்: கேள்வி நேரத்தை அவருக்குக் கொடுத்து, முழு உரைக்கு வேறு திகதியை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.